ஒன்றாம் எண் டிஸ்க்

தூத்துக்குடி
2 ஜூன் 2025

அனு,

உன் நம்பர் மாறிட்டு. போன வாரம் ஆத்தூருக்குப் போயி உங்க அம்மாகிட்ட கேட்டேன். நம்பர் தரமாட்டேன்னுட்டாவ. ஹைதராபாத் அட்ரஸ மட்டும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை பின்னால எழுதித் தந்தாவ. வரும்போது கை நெறைய வெத்தலையும் தந்தாவ. நான் போடமாட்டேன்னு அவியளுக்குத் தெரியும். வெறுங்கையோட அனுப்ப மனசு வரல போல.

ரெண்டு வருசமா பேசாதவ இப்ப எதுக்கு எழுதுதாள்னு நெனப்ப. ஆபீஸ் வேலைதான். நம்ம கடல் ஆராய்ச்சி மையத்துக்குப் புது சர்வர் வந்திருக்கு. கம்ப்யூட்டர் பாக்க உன் எடத்துக்கு வந்த பையன் மூணு மாசத்துல பெங்களூர் போயிட்டான். ஸ்ரீவத்சன் சார் என்னக் கூப்புட்டு, "நீதானம்மா அனுசியாகூடவே இருப்ப, நீயே பாத்துப் போட்டுரு"ன்னுட்டாரு. நான் படகுல போயி கடலுக்குள்ள மைக்க எறக்கி மீன் சத்தம் பதிவு பண்ணுதவ. எனக்கு சர்வரப் பத்தி என்ன தெரியும்? டைரக்டர் சொன்னா மறுக்க முடியுமா?

ரெண்டு சின்ன டிஸ்க் புதுசா வந்திருக்கு, மாட்டிட்டேன். பென்டிரைவ்ல இருந்து லினக்ஸ் போடப் பாத்தா, டிஸ்க்கே இல்லன்னு சொல்லுது. கண்ணு முன்னால பச்ச லைட் எரியுது, இல்லங்குது. நாலு தடவ பாத்துட்டேன்.

பதிவெல்லாம் போட்டு வைக்கப் பெரிய டிஸ்க்கும் வேணும், புதுசு வாங்க இப்ப முடியாதாம். பீரோவுல இருக்க பழசத்தான் போடச் சொல்லுதாரு. ஆமா, அந்த அஞ்சு டிஸ்க்தான். நாலு வருசம் நாம ரெண்டுபேரும் சேத்து வச்ச சத்தமெல்லாம் போச்சே, அதே டிஸ்க். பெட்டி மேல நீ எழுதி ஒட்டுன 'தொடாதீர்கள்' இன்னும் இருக்கு.

போன வருசம் கோடையில கடல் சூடாகி பவளமெல்லாம் வெளுத்துப் போனது பேப்பர்ல படிச்சிருப்ப. இப்ப மைக்க எறக்குனா கடலடிப் பவளப் பாருக்குள்ள சத்தமே இல்ல. முன்னால அப்பளம் பொரிச்ச மாதிரி ஓயாம கேக்கும்லா, அந்தச் சின்ன எறா சொடக்குப் போடுத சத்தம். இப்ப பாரு முழுக்க யாரோ வீட்டக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி கெடக்கு. சர்வர் ரூம்ல ஃபேன் எரைச்சல் கேட்டுக்கிட்டு உக்காந்தா, அதுதான் கடலு மாதிரி இருக்கு எனக்கு.

என்ன செய்யணும்னு எழுது. கோவமா இருந்தாலும் எழுது.

டயானா

•

ஹைதராபாத்
9 ஜூன் 2025

டயானா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சர்வரில் நீ மாட்டுகிற டிஸ்க் நேராக லினக்ஸுக்குத் தெரியாது. நடுவில் ரெய்டு கார்டு என்று ஒன்று இருக்கிறது. டிஸ்க்குகள் அந்தக் கார்டின் கையில்தான் இருக்கும். அவற்றைச் சேர்த்துக் கட்டி, 'இது ஒரு வால்யூம்' என்று கார்டு சொன்னால்தான் லினக்ஸ் அதைப் பார்க்கும். நீ இன்னும் கட்டவில்லை. அதனால்தான் இல்லை என்கிறது.

சர்வரை மறுபடி ஆன் செய். லோகோ வரும்போது F2. அதில் ரெய்டு கார்டின் பெயர் இருக்கும், உள்ளே போ. புதிய வால்யூம் உருவாக்கு என்பதைத் தேர்ந்தெடு. இரண்டு சிறிய டிஸ்க்குகளுக்கும் ரெய்டு ஒன்று வை. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் சர்வர் நிற்காது. முடிந்ததும் அதைத் துடைத்துத் தயார்ப்படுத்த இனிஷியலைஸ் கொடு. பிறகு லினக்ஸ் போடு. இரண்டு டிஸ்க் ஒரே டிஸ்க்காகத் தெரியும். பயப்படாதே, அப்படித்தான் தெரிய வேண்டும்.

அதெல்லாம் முடிந்த பிறகு பழைய டிஸ்க்குகளை மாட்டு. திரையில் 'ஃபாரின்' என்ற சொல் வந்தால் எதையும் அழுத்தாதே. இந்த டிஸ்க்குகள் வேறொரு கார்டின் கீழ் கட்டப்பட்டிருந்தவை என்று அர்த்தம். ஏற்கலாமா, துடைக்கலாமா என்று கேட்கும். பதில் சொல்லாமல் சர்வரை அணைத்துவிட்டு எனக்கு எழுது.

என் எண்ணைத் தரமாட்டேன். போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், சொல்ல வேண்டியது சொல்லப்படாமல் போகும். அன்றைக்கு, பதிவுகள் போனதைப் பற்றிய கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால், "பேக்கப் எடுத்து வைப்பது அனுசியா வேலை" என்று நீ சொன்னாய். பேக்கப்புக்கு இரண்டு முறை டிஸ்க் கேட்டு எழுதியது நான் என்பதும், அந்தக் கடிதத்தை டைப் செய்து கொடுத்தது நீ என்பதும் உனக்குத் தெரியும். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய்.

பவளம் வெளுத்ததைப் படித்தேன். இங்கே கடல் இல்லை. ஆயிரம் சர்வர்கள் இருக்கிற ஹாலில் வேலை. போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். குளிர்காற்று தரையிலிருந்து மேலே வரும். சில நாள் அந்தக் காற்றில் நடக்கும்போது காலுக்கடியில் மணல் இருப்பதுபோல் தோன்றும். குனிந்து பார்ப்பேன், ஓட்டை போட்ட இரும்புத் தகடுதான்.

அனுசியா

•

தூத்துக்குடி
14 ஜூன் 2025

அனு,

நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். லினக்ஸ் ஏறிட்டு. ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணாத் தெரிஞ்சப்ப எனக்கு என்னமோ செஞ்சிது.

பழைய டிஸ்க்க மாட்டுனேன். ஃபாரின்னு வந்துட்டு. அணைச்சிட்டேன்.

ஆனா சார் விடல. "அதுல ஒண்ணும் கெடையாதும்மா, ரெண்டு டிஸ்க் செத்தா அஞ்சும் செத்த மாதிரின்னு அனுசியாவே எழுதிக் குடுத்துட்டுத்தான போனா, தொடச்சிரு"ங்காரு. மாசக் கடைசியில சர்வர் வித்த கம்பெனியில இருந்து ஆள் வந்து தொடச்சிட்டு புதுசா கட்டிக் குடுத்துருவாங்களாம். நான் சரின்னு தலையாட்டிட்டு வந்து, சாயங்காலம் அஞ்சு டிஸ்க்கயும் கழட்டி, சால்வையில சுத்தி பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். இப்ப பனிமய மாதா படத்துக்குக் கீழ இருக்கு. வாழ்க்கையில மொதத் தடவ ஆபீஸ் சாமானத் திருடியிருக்கேன்.

எதுக்குத் திருடுனேன்னு சொல்லணும். ரெண்டு வருசமா சொல்லாதது.

உன் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு வெள்ளிக்கெழம. நீ ஆத்தூர்ல. நான் சாப்பாட்டுக்கு வாரதா இருந்தேன், ஞாபகம் இருக்கா. காலையில உன் மேசக் கம்ப்யூட்டர்ல மெயில் ஒண்ணு வந்து நிக்கி. இரண்டாம் எண் டிஸ்க் பழுது, மாத்தவும்னு. உனக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துல நீ எடுக்கல. நீ ஒரு தடவ மாத்துனத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்லா. கல்யாணத்தன்னிக்கு உன்ன எதுக்கு இழுக்கணும், நாமளே மாத்திட்டு, சாப்புடும்போது சொன்னா சந்தோசப்படுவான்னு நெனச்சேன்.

எடது பக்கம் இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி ரெண்டாவத உருவினேன். எல்லா லைட்டும் மினுக்கிட்டு இருந்துச்சு, எது பச்ச எது மஞ்சன்னு நின்னு பாக்கல. வெளிய எடுத்த பெறகுதான் டிஸ்க் தலையில உன் கையெழுத்துல '1'ன்னு சீட்டு ஒட்டியிருந்ததப் பாத்தேன். பக்கத்துலதான் '2'. கம்ப்யூட்டர்காரவிய நீங்க சைபர்ல இருந்து எண்ணுவிய. நான் ஒண்ணுல இருந்து எண்ணிட்டேன்.

உடனே திருப்பிச் சொருகினேன். வரல. ஸ்கிரீன்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போச்சு. நான் கதவ மெல்லச் சாத்திட்டு வெளிய வந்து, கல்யாணத்துக்கும் வராம, வீட்டுக்குப் போயிப் படுத்துட்டேன். திங்கக்கெழம எல்லாரும் ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல செத்துட்டுன்னு பேசும்போது வாயத் திறக்கல. கூட்டத்துல வாயத் திறந்தேன், அதுவும் உன் மேல போட்டு.

ஏளா, என்ன நீ மன்னிக்கணும்னு எழுதல. டிஸ்க்கத் தொடைக்கதுக்கு முன்னால உனக்குத் தெரியணும், அவ்ளோதான்.

டயானா

•

ஹைதராபாத்
20 ஜூன் 2025

டயானா,

எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் வந்து, எல்லோருக்கும் முன்னால் நான் கார்டின் பதிவைத்தான் திறந்து பார்த்தேன். வெள்ளி, 11.42, ஒன்றாம் இடத்து டிஸ்க் அகற்றப்பட்டது. 11.44, மீண்டும் செருகப்பட்டது. கார்டு பெயரை எழுதாது. ஆனால் அந்த அறையின் இன்னொரு சாவி உன்னிடம்தான் இருந்தது.

நீ வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். டீ நேரத்தில் சொல்வாய் என்று நினைத்தேன். மத்தியானம் சொல்வாய் என்று நினைத்தேன். நாலு மணிக்குக் கூட்டம். கூட்டத்தில் நீ சொன்னது அது.

இனி எழுதப்போவதை எழுத இரண்டு நாள் ஆனது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து சர்வர் ரூமுக்குப் போனேன். திரையில் அந்த ஒன்றாம் டிஸ்க்குக்கு நேராக 'ஃபாரின்' என்று இருந்தது. டயானா, அது சாகவில்லை. உருவித் திரும்பச் செருகியதால் கார்டுக்கு அடையாளம் தெரியாமல் போனது, அவ்வளவுதான். ஏற்றுக்கொள் என்று ஒரு பட்டன் அழுத்தினால் நாலு டிஸ்க்கும் சேர்ந்து எழுந்திருக்கும். நாலு வருடமும் திரும்பி வந்திருக்கும். நான் பட்டன் மேல் விரலை வைத்தேன். வச்சுக்கிட்டே நின்னேன் டயானா. இத அமுக்கினா எல்லாம் சரியாப் போயிரும், நீ சொன்னதும் சரியாப் போயிரும், நாளைக்கு நாம சேந்து டீ குடிப்போம்னு தோணுச்சு. அது எனக்குப் பொறுக்கல. பவரை அணைச்சேன். டிஸ்க்கக் கழட்டிப் பெட்டியில வச்சேன். ரெண்டு டிஸ்க் செத்துட்டு, மீட்க முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்.

தொடாதீர்கள்னு எழுதி ஒட்டுனது ஏன்னா, என்னிக்காவது நீ வந்து கேப்ப, அப்ப வந்து அமுக்கலாம்னு. நீ கேக்கல. நானும் வரல. இடையில கடலு வெளுத்துப் போச்சு. நீ எண்ணத் தெரியாமச் செஞ்ச. நான் தெரிஞ்சு செஞ்சேன்.

இப்போது செய்ய வேண்டியது. உப்புக்காற்றில் இரண்டு வருடம் கிடந்த டிஸ்க்குகள், எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது. 0, 1, 3, 4 எண் சீட்டு இருப்பவற்றை மட்டும் மாட்டு. 2 உண்மையிலேயே கெட்டது, அதை மாட்டாதே. ஃபாரின் என்று வந்ததும் ஏற்றுக்கொள், அதாவது இம்போர்ட். ஒன்றாம் எண் மட்டும் ஒதுங்கி நின்றால் அதைத் தேர்ந்தெடுத்து ஃபோர்ஸ் ஆன்லைன் கொடு, வலுக்கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளும். வால்யூம் எழுந்ததும் அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. படிக்க மட்டும் திற. பக்கத்தில் வெளி டிஸ்க் இரண்டு வைத்து உடனே நகல் எடு. பழைய வருடத்திலிருந்து தொடங்கு. கம்பெனி ஆளைத் தொடவிடாதே.

வராமலும் போகலாம். வராவிட்டால் அது உன்னால் இல்லை. இதை உனக்கு எழுத்தில் தருகிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

அனுசியா

•

தூத்துக்குடி
30 ஜூன் 2025

அனு,

உன் கடிதத்த யார்கிட்டயும் காட்டல. காட்டவும் மாட்டேன். படிச்சிட்டு ரெண்டு நாள் உன் மேல அப்பிடியொரு கோவம். பெறவு பழைய துறைமுகம் பக்கம் நடந்துட்டே இருந்தேன். மேக்க இருந்து கச்சான் காத்து உப்ப அள்ளி வீசுது, கண்ணத் திறக்க முடியல. திரும்பி வரும்போது கோவம் எங்க போச்சுன்னு தெரியல. பெறவும் வரும். வந்தா எழுதுதேன்.

கம்பெனி ஆள வரவேண்டாம்னு சொல்லணும்னா சார்கிட்ட காரணம் சொல்லணும்லா. சொல்லிட்டேன். அவர் ரூம்ல, நின்னுக்கிட்டே, டிஸ்க் என் வீட்டுல இருக்கதுல இருந்து ஆரம்பிச்சு பின்னோக்கிப் போயி உன் தங்கச்சி கல்யாணம் வரைக்கும். அவர் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. சத்தம் போடுவாருன்னு நின்னேன். "ரெண்டு வருசமா தெனமும் என்கூட டீ குடிச்சியேம்மா"ன்னாரு. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

சனிக்கெழம காலையில மாட்டினேன். சைபர், ஒண்ணு, மூணு, நாலு. இந்தத் தடவ லைட்டப் பாத்தேன், சீட்டப் பாத்தேன், வெரல வச்சு எண்ணினேன். ஃபாரின்னு வந்துச்சு. ஏத்துக்கிட்டேன். நீ சொன்ன மாதிரியே ஒண்ணாம் எண் மட்டும் தனியா நின்னுச்சு. அத ஆன்லைன் குடுத்துட்டு ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன். வால்யூம் இருக்கு, ஒரு டிஸ்க் கொறையுதுன்னு மஞ்ச எழுத்துல வந்துச்சு. அப்பிடி ஒரு நல்ல செய்தி மஞ்ச எழுத்துல வரும்னு எனக்குத் தெரியாது.

ஃபோல்டர் எல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு அனு. காணாமப் போன வரிசையிலயே. காரச்சல்லி, விலாங்குச்சல்லி, வான் தீவு, காசுவார், நாலு தீவும். நகல் போட்டுட்டு, ஒரே ஒரு ஃபைல மட்டும் காதுல வச்சேன். ஃபேன் எரைச்சலுக்குள்ள அந்த அப்பளச் சத்தம். மீனு முக்குத சத்தம். ரூம்ல யாரும் இல்ல. வெளிய உப்பு லாரி போற சத்தம் வேற. எது உள்ள, எது வெளியன்னு கொஞ்ச நேரம் தெரியாம அப்பிடியே இருந்தேன்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணாம் எண் டிஸ்க் செத்துட்டு. நெசமாவே செத்துட்டு, கடகடன்னு சத்தம் வந்து நின்னுட்டு. அதுக்குள்ள 2022 டிசம்பர் வரைக்கும் நகல் எடுத்தாச்சு. கடைசி அஞ்சு மாசம் போச்சு. அது நம்ம ரெண்டுபேர்ல யாரு கணக்குன்னு நான் யோசிக்கல. நீயும் யோசிக்காத.

இன்னிக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். டிஸ்க்க உருவினது நான், அனுசியா மேல தப்பு இல்லன்னு. இந்தத் தடவ ஜன்னலப் பாக்கல. டேட்டா பொறுப்புல இருந்து என்ன எடுத்தாச்சு. அடுத்த ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரு வராது. படகு வேல மட்டும். அது போதும் எனக்கு.

கடிதத்தோட ஒரு மெமரி கார்டு ஒட்டி இருக்கேன். அதுல எந்தச் சத்தம்னு சொல்லமாட்டேன், கேளு.

டயானா

•

ஹைதராபாத்
9 ஜூலை 2025

டயானா,

மெமரி கார்டு வந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று விடுமுறை. மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஹெட்போன் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்டேன்.

முதலில் உன் குரல். மார்ச் பதினாலு, காரச்சல்லி, ஆழம் நாலு மீட்டர் என்று ஒப்பிக்கிறாய். படகு எஞ்சின் அணைகிறது. படகுக்கார மாரிச்செல்வம் அண்ணாச்சி கயிறை விடுகிறார். அப்போது ஒருத்தி சிரிக்கிறாள். அடக்க முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்திவிட்டு மறுபடியும் சிரிக்கிறாள். நீ "சிரிக்காதளா, பதிவாகுது" என்கிறாய். யார் இவள் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. நான் ஒரே ஒரு முறைதானே படகில் வந்தேன். வாந்தி எடுத்து முடித்து, உன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்த அன்றைக்கு. என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பிறகு மைக் தண்ணீருக்குள் போய்விட்டது. என் சிரிப்பு தூரமாகி, மங்கி, அந்தப் பொரியும் சத்தத்துக்குள் கரைந்துபோனது. அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது சாயங்காலம். இரண்டு வருடமாகப் பகலில் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

இன்று ஸ்ரீவத்சன் சாருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். 2023இல் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றும், மீட்க முடியும் என்று தெரிந்தே விட்டுவிட்டுப் போனேன் என்றும் எழுதினேன். நீ காட்டமாட்டேன் என்று சொன்னதால் நானே காட்டினேன். என்ன வந்தாலும் வரட்டும். நீ தனியாக நின்று வாங்கிக்கட்டிக்கொண்டதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

கூட்டத்தில் நீ சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. நான் பவரை அணைத்தது உனக்கும் வலிக்கும். இரண்டும் இருக்கட்டும். தீபாவளிக்கு ஆத்தூர் வருகிறேன். அம்மா உனக்கும் சேர்த்துச் சமைப்பாள்.

புதிய டிஸ்க் வாங்கியதும் ரெய்டு ஆறு வை. இரண்டு செத்தாலும் தாங்கும். எண்ணிக்கை சைபரிலிருந்து.

அனு

•

தூத்துக்குடி
24 செப்டம்பர் 2025

அனு,

சார் உனக்குப் பதில் போட்டதாச் சொன்னாரு. என்ன எழுதுனாருன்னு சொல்லல, நானும் கேக்கல. ஆனா ஒருநாள் ரூமுக்குக் கூப்புட்டு, அந்தப் பழைய சத்தத்த வச்சு ஒண்ணு செய்யணும்மான்னாரு. வெளிநாட்டுல எங்கேயோ செஞ்சு பாத்திருக்காங்களாம். நல்லா இருந்த பாரோட சத்தத்த, செத்துப்போன பாருல ஸ்பீக்கர் வச்சுப் போட்டா குஞ்சு மீனு தேடி வருமாம். குஞ்சு மீனுக்குக் கண்ணு எட்டாது, காதுதான் வீடு தேடுமாம்.

வனத்துறை அனுமதி வாங்க ஒரு மாசம் ஆச்சு. தண்ணிக்குள்ள போடுத ஸ்பீக்கர் ரெண்டு வந்துச்சு. காரச்சல்லிக்குப் பக்கத்துல, வெளுத்து மேல பாசி படிஞ்சு கெடக்க பாருல ஒண்ணக் கட்டுனோம். மாரிச்செல்வம் அண்ணாச்சிதான் கட்டுனாரு. 2021 மார்ச்சுல எடுத்ததத்தான் போட்டோம். உன் சிரிப்ப வெட்டிட்டேன், மீனு பயந்துரக் கூடாதுல்லா.

பத்து நாள் ஒண்ணும் வரல. தெனமும் முக்குளிச்சுப் பாப்பேன். கல்லு, பாசி, கலங்கல் தண்ணி, அதுக்குள்ள நாலு வருசத்துக்கு முந்துன சத்தம். கண்ணுக்கு முன்னால செத்த பாரு, காதுக்குள்ள உசுரோட இருக்க பாரு. எனக்கே நாம எந்த வருசத்துல இருக்கோம்னு கொழம்பிப் போகும். மேல வந்து படகப் புடிச்சுக்கிட்டு அண்ணாச்சிகிட்ட சொன்னேன், பாவம் அண்ணாச்சி, இல்லாத வீட்ட இருக்குன்னு பொய் சொல்லிக் கூப்புடுதோம்னு. அவர் கயிறச் சுத்திக்கிட்டே, "வந்தவன் தங்கிட்டாம்னா அது பொய் இல்லேல்லா"ன்னாரு.

பதினொண்ணாம் நாளு ஸ்பீக்கரச் சுத்தி புகை மாதிரி ஏதோ தெரிஞ்சுது. கலங்கல்னு நெனச்சேன். கிட்டப் போனா அரிசி அளவுல மீனு. கண்ணாடி மாதிரி ஒடம்பு, கண்ணு மட்டும் கறுப்புப் பொட்டு. நூறோ எரநூறோ, ஒண்ணுபோல ஒரு பக்கமா திரும்பி நின்னு சத்தத்தக் கேட்டுட்டு இருந்துச்சுவ. நான் மூச்சக்கூட மெதுவா விட்டேன்.

நேத்து சார் ஸ்பீக்கர நிறுத்திப் பாக்கச் சொன்னாரு. சத்தம் இருந்தாத்தான் மீனு இருக்குமா, இல்லன்னாலும் இருக்குமான்னு தெரியணும்லா. காலையில அண்ணாச்சி நிறுத்திட்டாரு. நான் எறங்கப் பயந்து வெயில் ஏறுத வரைக்கும் படகுலயே உக்காந்திருந்தேன். பெறவு எறங்குனேன்.

அங்கன ஒரு சத்தமும் இல்ல. பாசிக்கு நடுவுல கல்லுப் பொந்து ஒண்ணு. அதுக்குள்ள ஒண்ணொண்ணா நொழைஞ்சு, தலைய மட்டும் வெளிய நீட்டி என்னயப் பாத்துட்டு இருந்துச்சுவ.

போகல, அனு.

டயானா